எந்திரம் ஒப்பாரி வைக்குமா?

என் பெரியம்மா செத்துப் பதினாறாம் நாள் காரியத்தன்று நடந்தது இது. பந்தி முடிந்து ஆம்பளைங்க நாங்க நாலைந்து பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். பந்தல்காரருக்கு எவ்வளவு, சமையலுக்கு எவ்வளவு என்று. பெரியம்மாவின் பேரன், இன்ஜினியரிங் படிக்கிற பையன், செல்போனை நீட்டி "சித்தப்பா, இதக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க" என்றான். அவனுடைய ஆயா பேர், அவள் நடவு நட்டது, களை பறித்தது, மூணு பெத்து ஒண்ணைப் பறிகொடுத்தது, எல்லாத்தையும் நாலு வரியில் எழுதிப் போட்டு, 'இவளுக்கு ஒரு ஒப்பாரி எழுது' என்று செயற்கை நுண்ணறிவு எனப்படுகிற அந்த எந்திரத்திடம் கேட்டிருக்கிறான். வெத்தலையை மடிச்சு வாயில போடுற நேரத்துக்குள்ள இருபது இருபத்தஞ்சு வரி வந்து விழுந்துவிட்டதாம்.

நல்லாத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. முத்துப் பல்லக்கு, தங்கத் தொட்டில் எல்லாம் வந்தது. நாத்தங்கால் காய்ந்துபோனதை அவள் போனதோடு சேர்த்து ஒரு வரி வந்தது. அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. பையனோட அப்பா, எங்க அண்ணன், துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பையன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான்: "அப்போ இதுக்கு மனசு இருக்குன்னு சொல்லலாமா, சித்தப்பா?"

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. அவன் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை. எந்திரத்துக்கு உணர்வு வருமா, மனுசனைப் போலப் படைக்க அதனால் முடியுமா என்று உலகம் முழுக்க அறிவுஜீவிகள் விவாதிக்கிறார்கள். நான் பெரியம்மாவிலிருந்துதான் ஆரம்பிக்க முடியும்.

1979ஆம் வருசம். நான் மூணாம் வகுப்பு. ஊர்த்தெருவில் பெரிய ஆண்டை செத்துப்போனார். சாவு சொல்லப் போறது, பறை அடிக்கிறது, குழி வெட்டுறது எல்லாம் நம்ம ஆளுங்க மேல சுமத்தப்பட்ட வேலை என்பது இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொம்பளைகளுக்கும் ஒரு வேலை இருந்தது. சேரியிலிருந்து போய், பிணம் கிடக்கிற வாசலுக்கு எட்டத்தில் நின்று மாரடித்து ஒப்பாரி வைக்க வேண்டும். கூலி ஒரு மரக்கால் நெல்லு, ஒரு பழஞ்சீலை. வரமாட்டேன் என்று சொல்கிற பேச்சே கிடையாது. பெரியம்மாவுக்கு நல்ல குரல். அதனால் அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

நானும் அவள் சீலையைப் பிடித்துக்கொண்டு போயிருந்தேன். அவள் பாட ஆரம்பித்ததும் வாசலில் இருந்த சனம் அப்படியே அடங்கிப்போச்சு. ராசா என்றாள், கொடியில காஞ்ச பூவே என்றாள், பாலு கட்டி நிக்குதே என்றாள். அந்த வீட்டுப் பொம்பளைங்க விக்கி விக்கி அழுதார்கள். அறுபது எழுபது வயசுக் கெழவனுக்கு எதற்குப் பால் என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. ஒப்பாரியில் எதுவும் வரும் என்று விட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் எங்கம்மா, "என்னாக்கா, அந்தக் கெழவனுக்குப் போயி இப்பிடி உருகுன?" என்றாள். பெரியம்மா நெல்லை முறத்தில் கொட்டிக்கொண்டே சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அவனுக்கா அழுவேன்? எம் புள்ளைக்கி அழுதேன். அது செத்த மறுநாளே நடவுக்கு வந்து நிக்கச் சொன்னவன்டி இவன். எனக்கு அழுவ எப்ப நேரம் குடுத்தான்? இன்னிக்கித்தான் குடுத்தான்."

ஒன்றரை வயசுப் பிள்ளை, பேதியில் போனது. அதுக்கு அவள் வீட்டில் ஒப்பாரி வைக்கவில்லை. ஆண்டை வாசலில் வைத்தாள். அவன் நெல்லையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஆலன் டியூரிங் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1950இல் 'மைண்ட்' என்ற தத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். எந்திரம் சிந்திக்குமா என்று நேராகக் கேட்டால் முடிவே கிடைக்காது, அதற்குப் பதில் ஒரு விளையாட்டு வைத்துப் பார்ப்போம் என்றார். ஒரு அறையில் கேள்வி கேட்கிறவர். கண்ணுக்குத் தெரியாமல் வேறு இடத்தில் ஒரு மனுசனும் ஒரு எந்திரமும். பதில் எழுத்தில் வரும். எது மனுசன், எது எந்திரம் என்று கேட்கிறவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லையென்றால், அது சிந்திக்கிறது என்று பேசுவதில் என்ன தப்பு? (இந்த மனுசனை 1952இல் ஆணோடு உறவு கொண்டதற்காகக் குற்றவாளி ஆக்கி, உடம்பை மாற்றுகிற மருந்து கொடுத்தது அவருடைய அரசாங்கம். 1954இல் செத்துப்போனார். மற்றவன் உள்ளே என்ன இருக்கிறது என்று நோண்டுகிற சமூகம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரிந்துதான் இருக்கும்.)

திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்கிற இந்த ஏற்பாடு நமக்குப் பிடிக்கும்தான். முகம் தெரியாது, தெரு தெரியாது, சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்பு. நம்ம பிள்ளைங்க எழுத்துத் தேர்வில் வந்து நேர்முகத்தில் விழுகிற கதை தெரியும்தானே. ஆனால் பெரியம்மாவை வைத்துப் பார்த்தால் இந்தச் சோதனை உதவவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டது முழுக்க அவள் சொல்தான். சொல்லை வைத்து அவர்கள் போட்ட கணக்கு, இவள் ஆண்டைக்காக உருகுகிறாள் என்பது. தப்புக் கணக்கு. கேட்கிறவன் அழுதான் என்பதால் பாடுகிறவள் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடாது. அப்படியானால் வேப்பமரத்தடியில் நான் அழுததும் எந்திரத்தைப் பற்றி ஒன்றையும் நிரூபிக்கவில்லை. நான் அழுதது என் பெரியம்மாவுக்காக. எந்திரம் கொடுத்தது ஒரு சாக்கு.

டியூரிங்குக்கு மறுப்பாக, 1980இல் ஜான் சேர்ல் என்ற அமெரிக்கத் தத்துவவாதி ஒரு கதை சொன்னார். சீன மொழி ஒரு எழுத்தும் தெரியாத ஒருவனை அறையில் அடைத்து, ஒரு தடித்த விதிப்புத்தகத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து சீனத்தில் கேள்வி வரும். இந்த வடிவம் வந்தால் அந்த வடிவத்தை எழுதி அனுப்பு என்று புத்தகம் சொல்லும். அவன் அப்படியே செய்வான். வெளியே நிற்கிறவர்கள் உள்ளே ஒரு சீனப் புலவர் இருக்கிறார் என்று நம்புவார்கள். அவனுக்கோ ஒரு சொல்லும் புரியாது. எந்திரம் இப்படித்தான் என்றார் சேர்ல்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கு அறை எதற்கு, அமெரிக்கா எதற்கு? நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு வந்தால் போதும். மந்திரம் சொல்கிற புரோகிதர்களில் பொருள் தெரிந்து சொல்கிறவர் எத்தனை பேர்? எந்தச் சடங்குக்கு எந்த வரிசை என்று மனப்பாடம். மாப்பிள்ளைக்கும் புரியாது, பெண்ணுக்கும் புரியாது, சொல்கிறவருக்கும் பாதி புரியாது. இதற்குப் பேர் ஞானம். ஒவ்வொரு சொல்லையும் தன் வயிற்றிலிருந்து எடுத்துப் பாடிய பெரியம்மாவுக்குப் பேர் பாமரம், கூலிக்கு மாரடிக்கிறவள். 'கூலிக்கு மாரடித்தல்' என்று மரபுத்தொடர் ஆக்கி, பொய்யழுகை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். யாருக்கு உள்மனசு உண்டு, யார் வெறும் வாய் என்று தீர்மானிக்கிற அதிகாரம் இங்கே முன்கூட்டியே பங்கு போடப்பட்டிருக்கிறது. எந்திரம் பற்றிய விவாதத்திலும் இந்தப் பங்கீட்டைத் தொடாமல் பேசுகிறவர்களை நான் சந்தேகப்படுகிறேன்.

இது நம்ம நாட்டுக்கு மட்டும் உள்ள நோய் கிடையாது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்து பாஸ்டன் நகரத்தில் அடிமையாக விற்கப்பட்ட பிலிஸ் வீட்லி என்ற பெண், 1773இல் தன் கவிதைப் புத்தகத்தை லண்டனில் வெளியிட்டாள். அப்போது அவளுக்கு இருபது வயது இருக்கும். இதை இவளேதான் எழுதினாள் என்று பாஸ்டனின் பெரிய மனுசர்கள் 18 பேர் கையெழுத்துப் போட்ட ஒரு சான்று அந்தப் புத்தகத்தின் முன்னால் அச்சிடப்பட வேண்டியிருந்தது. கவர்னரும் அதில் ஒருவர். அப்படியும், பின்னாளில் அமெரிக்காவின் ஜனாதிபதியான தாமஸ் ஜெபர்சன், இவளை எல்லாம் கவி என்று சொல்ல முடியாது என்று எழுதினார். இன்றைக்கு எந்திரத்தைப் பற்றிச் சொல்கிற சொல்லையே, பார்த்து எழுதுகிறது, திருப்பிச் சொல்கிறது, சொந்தமாக ஒன்றும் இல்லை என்பதையே, அன்றைக்கு மனுசியைப் பற்றிச் சொன்னார்கள். அதனால்தான், 'இதற்கு மனசு கிடையாது' என்ற வாக்கியம் என் வாயில் லேசில் வரமாட்டேன் என்கிறது. அது நம்ம மேல வீசப்பட்ட கல்.

2022 ஜூனில் கூகுள் நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர், தாங்கள் செய்த பேசும் எந்திரத்துக்கு உணர்வு வந்துவிட்டது என்று அறிவித்தார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதைப் பேசின. பேசட்டும். ஆறு வருசத்துக்கு முன்னால், 2016 ஜனவரி 17ஆம் தேதி, ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா என்ற ஆய்வு மாணவர் தன் கடைசிக் கடிதத்தை எழுதினார். மனுசனை ஒரு ஓட்டாக, ஒரு எண்ணாக, ஒரு பொருளாகக் குறுக்கிவிட்டார்கள், ஒரு மனமாக நடத்தவே இல்லை என்பது அதன் சாரம். மனத்தைப் பற்றி நம் காலத்தில் எழுதப்பட்ட தத்துவ வாக்கியங்களில் அதற்கு இணையானதை நான் படித்ததில்லை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அரிஸ்டாட்டில் தன் 'அரசியல்' நூலில் அடிமையை உயிருள்ள கருவி என்கிறார். தறிநாடா தானே ஓடி நெய்யுமானால் எசமானருக்கு அடிமை தேவைப்படாது என்றும் சொல்கிறார். எந்திரம் என்ற கனவே அடிமையின் இடத்தில் வைப்பதற்கு ஒன்று வேண்டும் என்று பிறந்த கனவு. 'ரோபோ' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தது செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய ஒரு நாடகம். 'ரோபோட்டா' என்றால் நிலப்பிரபுவுக்குக் கூலியில்லாமல் செய்தே ஆக வேண்டிய கட்டாய உழைப்பு. நமக்கு அந்தச் சொல்லைத் தமிழ்ப்படுத்த அகராதி வேண்டாம். வெட்டி. சோழர் காலத்துக் கல்வெட்டிலேயே இருக்கிற சொல். வெட்டி செய்கிறவன் வெட்டியான். பட்டினத்து ஆளுங்க ரோபோ வருது, ரோபோ வருது என்று ஆச்சரியப்படும்போது எங்க தாத்தா ஞாபகம்தான் எனக்கு வரும்.

எந்திரத்தை வேண்டாம் என்று சொல்கிற கட்சி நான் இல்லை. அம்பேத்கர் 1945இல் எழுதிய காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்கு என்ன செய்தார்கள் என்ற நூலில், எந்திரமும் நவீன நாகரிகமும்தான் மனுசனை மிருகவாழ்விலிருந்து விடுவிக்கும், ஓய்வு கொடுக்கும், பண்பாட்டுக்கு இடம் கொடுக்கும் என்று காந்தியத்துக்கு எதிராக வாதாடினார். சரியான வாதம். ராட்டையைப் புனிதமாக்கினவர்கள் யாரும் மலக்குழியில் இறங்கினவர்கள் கிடையாது. ஆனால் எந்திரம் எந்த வேலைக்கு முதலில் வருகிறது என்று பாருங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். குழியில் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023இல் முப்பது லட்சம் என்றது. விலை ஏறியிருக்கிறது, சாவு நிற்கவில்லை. சாக்கடைக் குழியில் இறங்குகிற பாண்டிகூட் என்ற எந்திரத்தைத் திருவனந்தபுரத்து இளைஞர்கள் 2018இல் கொண்டுவந்துவிட்டார்கள். செய்ய முடியாதது கிடையாது. ஆனாலும் கவிதை எழுதுகிற எந்திரம் 2022 நவம்பர் கடைசியில் வந்து சில மாசத்தில் எங்க பையன் கைக்கே வந்துவிட்டது. குழியில் இறங்குகிற எந்திரம் எங்க பக்கத்து டவுனுக்கு வந்து நான் பார்க்கவில்லை.

அந்தக் கவிதை எந்திரத்துக்கும் தோட்டிவேலை பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அது கெட்ட பேச்சுப் பேசாமல் இருக்க வேண்டுமென்றால் எது கெட்ட பேச்சு என்று யாராவது படித்துக் குறி போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த வேலை கென்யா நாட்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் போனது. கொலை, சித்திரவதை, குழந்தைகளைச் சீரழிப்பது பற்றிய எழுத்தை நாள் முழுக்கப் படித்துக் குறி போட்டவர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலி என்று 'டைம்' இதழ் 2023 ஜனவரியில் எழுதியது. நாம் சுத்தமான கவிதையைப் படிக்க, அவர்கள் அசிங்கத்தை அள்ளியிருக்கிறார்கள். 1770இல் ஐரோப்பாவில் சதுரங்கம் ஆடுகிற எந்திரம் என்று ஒரு துருக்கிப் பொம்மையைக் காட்டி ராசாக்களை எல்லாம் வாய்பிளக்க வைத்தார்கள். பெட்டிக்குள் ஒரு ஆள் மடங்கி உட்கார்ந்திருந்தான். இன்றைய எந்திரம் அந்த மாதிரி ஏமாற்று இல்லை, உண்மையிலேயே கணக்குப் போடுகிறது. 2016இல் லீ செடோல் என்ற கொரிய ஆட்டக்காரரை அது 'கோ' ஆட்டத்தில் தோற்கடித்தபோது, அது வைத்த ஒரு காயை வல்லுநர்களே தப்பு என்று நினைத்து அப்புறம் வியந்தார்கள். அதெல்லாம் சரி. ஆனாலும் பெட்டிக்குள் ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பையன் சும்மா இல்லை. ரெண்டு நாள் கழித்து என்னிடம் மல்லுக்கு வந்தான். "சித்தப்பா, நீங்கதான் ஆத்மா கெடையாதுன்னு சொல்லுவீங்க. நம்ம மூளையும் செல்லுதான், அதுல ஓடுறதும் கரண்டுதான். அப்புறம் அதுக்கு மட்டும் ஏன் வராது?" நல்ல கேள்வி. மாட்டிக்கொண்டேன். எந்திரத்துக்கு ஆத்மா இல்லை, ஆகவே உணர்வு வராது என்று சொல்கிற சாமியார்களோடு நான் போய் நிற்க முடியாது. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர் ஆத்மாவை மறுத்திருக்கிறார். அழியாத ஆத்மாவும் போன சென்மத்து வினையும் இல்லாமல் சாதிக்கு நியாயம் சொல்ல முடியாது, அதனால் மறுத்தார். ஆத்மாவை எந்திரத்தைத் தடுக்க மட்டும் கடன் வாங்குவது அயோக்கியத்தனம்.

ஆத்மாவைத் தள்ளிவிட்டால் மிச்சம் இருப்பது உடம்பு. புத்தர் பேச்சை எடுத்தது துக்கத்தில். பசிக்கிற, வலிக்கிற, பிள்ளையைப் பறிகொடுக்கிற, நாளைக்கு நெல்லு வேண்டியிருக்கிற உடம்பு. பெரியம்மாவின் பாட்டு அந்த உடம்பில் கட்டின பாலிலிருந்து வந்தது. நானும் பையனும் அந்த எந்திரத்திடம் இன்னொரு சோதனை செய்து பார்த்தோம். ஆண்டைக்கு ஒரு ஒப்பாரி எழுது என்றோம். எழுதியது, அதே முத்துப் பல்லக்கு. ஆண்டையைக் கேலி செய்து எழுது என்றோம். அதையும் எழுதியது. ரெண்டுக்கும் அதற்கு ஒரே விலை. சில சமயம் 'இதை எழுத மாட்டேன்' என்று சொல்லவும் செய்கிறது. அது முதலாளி போட்ட வேலியா, அதுவே எடுத்த முடிவா என்று பையன் கேட்டான். எனக்குத் தெரிந்தவரை, மறுத்ததால் அது எதையும் இழக்கவில்லை.

எங்கப்பா இழந்தார். 1986இல் இனிமேல் ஊர்ச் சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று எங்க தெருவில் ஏழு பேர் முடிவெடுத்தார்கள். மூணு மாசம் கடையில் சாமான் கொடுக்கவில்லை, வயலில் இறங்க விடவில்லை, மாட்டை மேய விடவில்லை. அப்பா பறையைத் தூக்கிப் பரண்மேல் போட்டார். எங்க சித்தப்பா அதே பறையை 1990களில் கீழே இறக்கிக் காய்ச்சி, தலித் கலைவிழா மேடையில் அடித்தார். தோல் அதே தோல், அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் அதே குச்சிகள், அடியும் பழைய சாவு அடிதான். ரெண்டையும் பதிவு செய்து எந்திரத்துக்குள் போட்டால் வித்தியாசம் ஒன்றும் அகப்படாது. கேட்ட எங்க தெரு சனத்துக்குத் தெரிந்தது. ஊர்த்தெருவுக்கு இன்னும் நல்லாத் தெரிந்தது. படைப்பு என்று நான் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான். இழக்க ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு, இல்லை என்று சொல்ல முடிந்த ஒருத்தன் ஆமாம் என்று சொல்லி அடிக்கிறது.

எந்திரம் படித்தது எல்லாம் எழுதப்பட்டவை. எழுதவிடாமல் வைக்கப்பட்டவர்களின் பாட்டு அதில் எவ்வளவு இருக்கும்? பெரியம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவள் ஒப்பாரியில் பல்லக்கு வரும், கூடவே புளிச்ச கஞ்சி வரும், ரேசன் கடை வரும், கவர்மெண்டு ஆஸ்பத்திரி வராண்டா வரும். எந்திரத்துக்குப் பல்லக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அவளுடையது அவளோடு போச்சு. நானாவது உட்கார்ந்து எழுதி வைத்திருக்கலாம். நாப்பது வருசம் படித்தவன் என்று திரிந்துகொண்டு அதைச் செய்யவில்லை. இந்தக் குற்றத்தை எந்திரத்தின் தலையில் கட்ட முடியாது.

ஒருக்காலமும் வராதா என்று கேட்டால் சத்தியம் செய்யமாட்டேன். பசிக்கிற, இழக்கிற, அதனால் ஒருநாள் 'முடியாதுய்யா' என்று நின்றுவிடுகிற ஒன்றை இவர்கள் செய்துவிட்டால், அதை முதலில் நம்ப வேண்டியவர்கள் நாமாகத்தான் இருப்போம். அதைச் செய்தவர்கள் நம்பமாட்டார்கள். ரிப்பேர் என்பார்கள்.

எங்க ஊர்க் கோயிலிலும் ஒரு எந்திரம் இருக்கிறது. பறை நின்றுபோனதுக்கு அப்புறம் கொஞ்ச வருசம் கழித்து, வசூல் பண்ணி மின்சார மேளம் வாங்கினார்கள். மோட்டார் சுத்தும், ரெண்டு குச்சி மேளத்தில் அடிக்கும், மணியும் சேர்ந்து அடிக்கும். சாமிக்கு எதிரிலேயே நிற்கிறது. எங்க பறை தெருமுனையைத் தாண்டினது கிடையாது. அதன் மேலே இழுத்துக் கட்டியிருப்பது தோலா பிளாஸ்டிக்கா என்று எனக்குத் தெரியாது. உள்ளே விட்டால்தானே பார்ப்பதற்கு.

போன ஆடித் திருவிழாவில் சாமி புறப்படுகிற நேரம் கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. மேளம் இல்லாமல் சாமியைத் தூக்க முடியாது என்று கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, பைக்கில் ஒரு பையனை எங்க தெருவுக்கு அனுப்பினார்கள். சித்தப்பா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பையன் வண்டியை விட்டு இறங்காமலே, ஒரு அரைமணி நேரம் வந்து வெளியில நின்னு அடிச்சுட்டுப் போகச் சொன்னாங்க என்றான்.

சித்தப்பா வெத்தலையைத் துப்பிவிட்டு, "கரண்டு வரட்டும் தம்பி. வந்தா அதுவே அடிக்கும்" என்றார்.